பழைய ஃபேண்டஸி நாவல்களின் முதல் அச்சை அடையாளம் காண்பது எப்படி?

டோல்கீனின் 'தி ஹாபிட்' நாவலுடைய பழைய பிரிட்டிஷ் பிரதி ஒன்றைப் புரட்டினால், 1937-ல் முதலில் வெளியானது என்ற வரி கண்ணில் படும். உடனே பலருக்கும் நெஞ்சு படபடக்கும். ஆனால் அந்த வரி 1937-ல் அச்சான பிரதியிலும் இருக்கும், 1946-ல் அச்சானதிலும் இருக்கும், அதற்கு வெகுநாள் கழித்து அச்சானவற்றிலும் இருக்கும். நாவல் எப்போது முதன்முதலில் வந்தது என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும். உங்கள் கையில் இருக்கும் பிரதி எப்போது அச்சடிக்கப்பட்டது என்பது அதற்குக் கீழே வரும் வரிகளிலும், புத்தகத்தின் மற்ற பாகங்களிலும் இருக்கிறது.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, எந்த ஒரு வரியையும் தனியாக நம்பி முடிவெடுக்காதீர்கள் என்பதைத்தான். காப்புரிமைப் பக்கம், உள்ளே இருக்கும் வாசகம், படங்கள், கட்டு, அட்டைக்கு மேல் போர்த்தியிருக்கும் தாளான மேலுறை, அதில் போட்டிருக்கும் விலை எல்லாம் ஒரே காலத்தைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் ஒத்துப்போகாவிட்டால் அங்கே ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். விற்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றுபவர்கள் அல்ல. 'முதல் பதிப்பு' என்று அவர்கள் நம்பியே சொல்கிறார்கள். அதைச் சரிபார்க்கும் பொறுப்பு வாங்குகிற நம்முடையது.

எதைச் சேர்ப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் துரத்தினால் பணமும் போகும், அறிவும் ஆழமாகாது. ஒரு எழுத்தாளர், ஒரு பதிப்பகம், ஒரு ஓவியர், அல்லது ஒரு குறிப்பிட்ட வரிசை என்று சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். பாலின் பெய்ன்ஸ் என்ற ஓவியரை எடுத்தால், 1949-ல் வந்த டோல்கீனின் 'ஃபார்மர் கைல்ஸ் ஆஃப் ஹாம்' முதல் சி. எஸ். லூயிஸின் ஏழு நார்னியா நூல்கள் வரை ஒரே கை வரைந்த கோடுகளைத் தொடர்ந்து போகலாம். அப்படி ஓர் இழையைப் பிடித்துப் போகும்போது கண் தானாகப் பழகும்.

குறைந்த செலவில் தொடங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை, அமெரிக்காவில் 1969 முதல் 1974 வரை பாலன்டைன் பதிப்பகம் கொண்டுவந்த 'அடல்ட் ஃபேண்டஸி' பேப்பர்பேக் வரிசை. லின் கார்ட்டர் தேர்ந்தெடுத்து முன்னுரை எழுதியவை. அட்டையில் சின்னதாக ஒற்றைக்கொம்புக் குதிரையின் தலை இருக்கும். மறந்துபோயிருந்த பல பழைய ஆசிரியர்களைத் திரும்ப வாசகர்கள் கைக்குக் கொண்டுவந்த வரிசை அது. எந்த மாதம், எத்தனையாவது அச்சு என்று காப்புரிமைப் பக்கத்திலேயே தெளிவாகப் போட்டிருப்பார்கள் என்பதால் பழகுவதற்கும் தோதானது.

இன்னொரு நல்ல தொடக்கம் 1977-ல் வந்த 'தி சில்மரில்லியன்'. டோல்கீன் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, பெரும் எதிர்பார்ப்புக்கு நடுவே வந்ததால் முதல் அச்சே மிகப் பெரிய எண்ணிக்கையில் போடப்பட்டது. அதனால் உண்மையான முதல் அச்சுப் பிரதி இன்றும் சுலபமாகக் கிடைக்கும். முதல் அச்சு என்றாலே அரிது என்ற எண்ணத்தை இந்த ஒரு புத்தகமே மாற்றிவிடும்.

நான்கு சொற்கள்

விற்பனைக் குறிப்புகளில் நான்கு சொற்கள் திரும்பத் திரும்ப வரும்: எடிஷன், இம்ப்ரெஷன், இஷ்யூ, ஸ்டேட். இவற்றைக் குழப்பிக்கொண்டால் அப்புறம் எல்லாமே குழம்பும்.

எடிஷன் என்றால் பதிப்பு. ஒரே எழுத்துக்கோர்ப்பிலிருந்து அச்சான எல்லாப் பிரதிகளும் ஒரே பதிப்பு. இம்ப்ரெஷன் என்றால் அந்தப் பதிப்பில் ஒரு தடவை அச்சு இயந்திரத்தில் ஏற்றி இறக்கிய தொகுதி. பிரின்டிங் என்று சொல்வதும் இதைத்தான். 'தி ஹாபிட்' முதல் பதிப்பில் நான்கு அச்சுகள் உண்டு: 1937 செப்டம்பரில் 1,500 பிரதிகள், அதே ஆண்டு முடிவதற்குள் இரண்டாவது, பிறகு போர்க்காலத்தில் 1942-ல் மூன்றாவது, 1946-ல் நான்காவது. நான்குமே முதல் பதிப்புதான். ஆகவே 1946 பிரதியை ஒருவர் 'முதல் பதிப்பு' என்று விற்றால் அது பொய்யல்ல. ஆனால் சேகரிப்பாளர்கள் வெறுமனே முதல் பதிப்பு என்று சொல்லும்போது மனதில் வைத்திருப்பது முதல் பதிப்பின் முதல் அச்சை.

1951-ல் வந்த ஐந்தாவது அச்சுதான் இரண்டாம் பதிப்பு. அதில் ஐந்தாம் அத்தியாயத்தை, அதாவது கதாநாயகன் பில்போவும் கோலம் என்ற பிராணியும் விடுகதை போடும் அத்தியாயத்தை, டோல்கீன் திருத்தி எழுதினார். பழைய வடிவத்தில் கோலம் மோதிரத்தைப் பரிசாகத் தர ஒப்புக்கொள்கிறது. தோற்றதும் தர முடியாமல் மன்னிப்புக் கேட்டு, வழிகாட்டிவிட்டுப் போகிறது. பின்னால் வந்த பெரிய நாவலான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையோடு ஒத்துப்போக அதை மாற்ற வேண்டியிருந்தது. எனக்கு இதில் ஒரு தனி ஈடுபாடு உண்டு. 1937 பிரதி எட்டாக்கனி என்றாலும், அந்தப் பழைய கோலத்தை அந்தக் காலத்துத் தாளிலேயே படிக்க 1946 பிரதி போதும். தேய்ந்த பிரதியாக இருந்தாலும் பரவாயில்லை.

இஷ்யூ என்பதற்கு லூயிஸ் கரோலின் 'ஆலிஸ்' கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1865-ல் மேக்மில்லனுக்காக ஆக்ஸ்ஃபோர்டில் 2,000 பிரதிகள் அச்சாயின. ஓவியர் ஜான் டெனியலுக்குப் படங்கள் அச்சான விதம் பிடிக்கவில்லை. கரோல் அவற்றைத் திரும்பப் பெற்று, வேறு அச்சகத்தில் புதிதாக அச்சடிக்க வைத்தார். அந்தப் புதிய அச்சு 1865 கடைசியிலேயே வந்துவிட்டாலும் தலைப்புப் பக்கத்தில் 1866 என்று இருக்கும். ஒதுக்கப்பட்ட பழைய தாள்களை நியூயார்க்கின் ஆப்பிள்டன் நிறுவனம் வாங்கி, தன் பெயரோடு புதிய தலைப்புத் தாளை மட்டும் சேர்த்து 1866-ல் விற்றது. ஆக, ஆப்பிள்டன் பிரதியின் உள்தாள்கள் முதல் அச்சின் தாள்களேதான். தலைப்புத் தாள் மட்டும் வேறு. அதைத்தான் முதல் பதிப்பின் இரண்டாவது இஷ்யூ என்கிறார்கள். 1865 தேதியிட்ட முதல் இஷ்யூவில் இன்று இரண்டு டஜனுக்கும் குறைவான பிரதிகளே இருப்பதாகத் தெரிகிறது.

ஸ்டேட் என்பது இன்னும் நுணுக்கமானது. அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதோ, கட்டும்போதோ நேரும் சின்ன மாற்றங்களால் உண்டாகும் வேறுபாடு அது.

தலைப்புப் பக்கமும் காப்புரிமைப் பக்கமும்

இப்போது புத்தகத்தைத் திறங்கள். தலைப்புப் பக்கத்தில் பதிப்பகத்தின் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் பாருங்கள். பதிப்பகம் ஒத்துப்போகாவிட்டால் மேலே போகவே வேண்டாம். 'தி ஹாபிட்', 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இரண்டுக்கும் லண்டனின் ஜார்ஜ் ஆலன் அண்ட் அன்வின். நார்னியாவில் 1950 முதல் 1954 வரை வந்த ஐந்து நூல்கள் ஜெஃப்ரி பிளெஸ். 1955-லும் 1956-லும் வந்த கடைசி இரண்டும் பாட்லி ஹெட். இது தெரியாமல், ஏழும் ஒரே பதிப்பகத்தின் பெயரில் இருக்க வேண்டும் என்று தேடி வீணாக அலைபவர்கள் உண்டு. அர்சுலா லெ குவினின் 'எ விஸார்ட் ஆஃப் எர்த்சீ' 1968-ல் கலிஃபோர்னியாவின் பர்னாசஸ் பிரஸ் என்ற சிறு பதிப்பகத்தில் வந்தது; அடுத்த இரண்டு நூல்களும் நியூயார்க்கின் ஏதினியம் வெளியிட்டவை.

தலைப்புத் தாளின் பின்பக்கத்தில், அதாவது காப்புரிமைப் பக்கத்தில், அச்சு விவரம் இருக்கும். ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் ஒரு வழக்கம். ஆலன் அண்ட் அன்வின் முதல் வெளியீட்டு ஆண்டைப் போட்டு, மறு அச்சு ஒவ்வொன்றையும் அதன் கீழே வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போகும். கீழே எதுவும் இல்லையென்றால் முதல் அச்சு. கடைசி வரி எதுவோ அதுதான் உங்கள் பிரதி. அமெரிக்கப் பதிப்பகமான ஹாட்டன் மிஃப்லின் அந்தக் காலத்தில் முதல் அச்சின் தலைப்புப் பக்கத்தில் ஆண்டைப் போட்டு, மறு அச்சில் எடுத்துவிடும். அங்கே காப்புரிமைப் பக்கத்தைவிடத் தலைப்புப் பக்கம்தான் முக்கியம். டபிள்டே 'முதல் பதிப்பு' என்ற வரியை அச்சிட்டு, மறு அச்சில் நீக்கிவிடும்.

பிற்காலப் புத்தகங்களில் எண் வரிசை வரும்: 10 9 8 7 6 5 4 3 2 1 என்று. வரிசையில் எஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் அச்சின் எண். 1 இருந்தால் முதல் அச்சு. 3-ல் முடிந்தால் மூன்றாவது. 'முதல் பதிப்பு' என்று மேலே போட்டு, கீழே 4-ல் முடிகிற புத்தகங்கள் நிறைய உண்டு. அங்கே எண்ணைத்தான் நம்ப வேண்டும். ரேண்டம் ஹவுஸ் மட்டும் நெடுங்காலம் விதிவிலக்காக இருந்தது: முதல் அச்சில் 'முதல் பதிப்பு' என்ற சொல்லும் 2-ல் முடியும் எண் வரிசையும் சேர்ந்து வரும்; இரண்டாவது அச்சில் அந்தச் சொல் போய்விடும்.

காப்புரிமை ஆண்டை அச்சிட்ட ஆண்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபிராங்க் பாமின் ஓஸ் நாவல் 1900-ல் சிகாகோவின் ஜார்ஜ் எம். ஹில் நிறுவனத்தில் வந்தது. உள்ளே காப்புரிமை 1899 என்றிருக்கும். அந்த நிறுவனம் 1902-ல் நொடித்துப்போக, உரிமை பாப்ஸ் மெரில் நிறுவனத்துக்குப் போனது. 1903 முதல் அவர்கள் போட்ட அச்சுகளிலும் 1899 என்ற ஆண்டு தொடர்ந்து இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தாத்தா காலத்து முதல் பதிப்பு என்று நம்புகிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

பிழைகளும் அடையாளங்களும்

முதல் அச்சுக்கே உரிய தவறுகள், விடுபட்டவை, பின்னால் மாற்றியவை எல்லாவற்றையும் சேகரிப்பாளர்கள் 'பாயின்ட்' என்பார்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு மனிதர் அச்சுக்கூடத்தில் அவசரத்தில் செய்த தவறு, நூறு ஆண்டு கழித்து அந்தத் தாளின் நாளைக் காட்டிக்கொடுக்கிறது.

'தி ஹாபிட்' முதல் அச்சில் உள்ளே கறுப்பு வெள்ளைப் படங்கள் மட்டுமே. வண்ணப் படத்தாள்கள் இரண்டாவது அச்சில்தான் சேர்ந்தன. ஆகவே வண்ணப் படமுள்ள பிரிட்டிஷ் பிரதி எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் அச்சு ஆகாது. முதல் அச்சின் மேலுறையில், பின்மடிப்பில் லூயிஸ் கரோலின் இயற்பெயரான டாட்ஜ்சன் என்பதில் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்துவிட்டது. பதிப்பகத்தார் அதைப் பேனா மையால் கையாலேயே அடித்துத் திருத்தினார்கள். அந்தக் கறுப்பு மைக்கோட்டைப் பார்க்கும்போது, யாரோ ஒருவர் மேலுறைகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்திருக்கிறார் என்பது கண்முன் வரும்.

கரோலின் 'த்ரூ தி லுக்கிங் கிளாஸ்' 1871 டிசம்பரில் கடைக்கு வந்தது. தலைப்புப் பக்கத்தில் 1872 என்றிருக்கும். அதன் முதல் அச்சில் 21-ஆம் பக்கத்தில், 'ஜாபர்வாக்கி' பாட்டில் 'வேப்' என்று வர வேண்டிய சொல் 'வேட்' என்று அச்சாகியிருக்கும். ஓஸ் நாவலின் கடைசியில் அச்சு விவரக் குறிப்பு ஒன்று உண்டு. முதல் ஸ்டேட்டில் அது கட்டத்துக்குள் 11 வரிகளாக இருக்கும், பின்னால் கட்டம் போய் 13 வரிகளாகிவிட்டது.

நார்னியாவில் பாயின்ட் என்பதைத் தாண்டி வாசகமே வேறுபடும். முதல் நூலில் சூனியக்காரியின் காவல் ஓநாய்க்குப் பிரிட்டிஷ் பதிப்பில் மாக்ரிம் என்று பெயர். அமெரிக்க மேக்மில்லன் பதிப்புக்காக லூயிஸே அதை ஃபென்ரிஸ் உல்ஃப் என்று மாற்றினார். மேலுறையும் முன்பக்கங்களும் தொலைந்துபோன பிரதி எந்த நாட்டு வாசகம் என்று கேட்டால், ஓநாயின் பெயரைத் தேடிப் பார்த்தால் போதும்.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று பாகங்களும் தனித்தனியாக வந்தவை: முதலாவது 1954 ஜூலை, இரண்டாவது 1954 நவம்பர், மூன்றாவது 1955 அக்டோபர். முதல் பாகத்தின் முதல் அச்சு 3,000 பிரதிகள்தான். மூன்றாம் பாகம் வரும்போது வாசகர் கூட்டம் பெருகி 7,000 ஆனது. மூன்றாம் பாகத்தின் 49-ஆம் பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். அச்சுக்கட்டை தளர்ந்ததால் சில பிரதிகளில் வரிகள் கீழே தொய்ந்திருக்கும். பக்கத்தின் அடியில் 4 என்ற சிறு எண் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. முதல் அச்சுக்குள்ளேயே இந்த ஸ்டேட் வேறுபாடுகள் உண்டு. கூடவே, ஒவ்வொரு பாகத்தின் கடைசியிலும் மடித்துவைத்த வரைபடம் இருக்கிறதா, மடிப்பில் கிழிந்திருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள். வரைபடத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டிய வாசகர்கள் ஏராளம்.

மூன்று பாகங்களும் முதல் அச்சாக உள்ள தொகுப்பு என்று சொல்லி விற்கப்படும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். முதல் பாகம் நான்காவது அச்சு, மூன்றாம் பாகம் முதல் அச்சு என்று கலந்திருப்பது சர்வ சாதாரணம். வெளியான காலத்தில் வாசகர்கள் அப்படித்தான் வாங்கினார்கள்.

ஒரு பாயின்ட் மட்டும் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள். 1997 ஜூனில் வந்த முதல் ஹாரி பாட்டர் நூலின் 53-ஆம் பக்கத்தில், பள்ளிக்கு வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் ஒரு மந்திரக்கோல் என்பது இரண்டு முறை வரும். ஆனால் பேப்பர்பேக்கின் முதல் அச்சிலும் அதே பிழை உண்டு. வெறும் 500 பிரதிகள் மட்டும் போட்ட கெட்டி அட்டை முதல் அச்சு என்றால், எண் வரிசை 1 வரை இருக்க வேண்டும், காப்புரிமைப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் ஜோன் ரௌலிங் என்று முழுதாக இருக்க வேண்டும். இன்னொன்று, அந்தப் புத்தகம் மேலுறையே இல்லாமல், அட்டையிலேயே படம் அச்சாகி வந்தது.

மேலுறை

விலையில் பெரும்பங்கு இந்த மெல்லிய தாளில்தான் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டு நூல்களில், மேலுறை உள்ள பிரதிக்கும் இல்லாத பிரதிக்கும் விலை பல மடங்கு மாறும். அதனால்தான் கோளாறுகளும் இங்கேயே அதிகம்.

முதலில் விலை. 'தி ஹாபிட்' ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். 'ரிங்ஸ்' முதல் பாகம் 21 ஷில்லிங். உள்மடிப்பின் மூலையில் இது அச்சாகியிருக்க வேண்டும். மூலை வெட்டப்பட்டிருந்தால் பரிசாகக் கொடுத்தவர் விலையை மறைத்திருக்கலாம். பிந்தைய அச்சின் மேலுறை என்பதை மறைக்கவும் வெட்டியிருக்கலாம். வெட்டியதாலேயே போலி என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு சாட்சி குறைகிறது, விலையும் குறைய வேண்டும்.

அடுத்து, மேலுறையில் இருக்கும் எழுத்துகளை முழுவதும் படியுங்கள். அந்தப் புத்தகத்துக்கே வந்த பத்திரிகை விமர்சனங்கள் அதில் இருந்தால், புத்தகம் வெளிவந்த பிறகு அச்சான மேலுறை அது. வெளியாகும் முன்பே கேட்டு வாங்கிய பாராட்டு வேறு: 'ரிங்ஸ்' முதல் பாகத்தின் முதல் மேலுறையிலேயே சி. எஸ். லூயிஸ், ரிச்சர்ட் ஹியூஸ், நவோமி மிட்சிசன் மூவரும் எழுதியவை இருந்தன. வரிசை நூல்களில், பிறகு வந்த பாகங்களின் பெயர்கள் பட்டியலில் இருந்தால் அந்த மேலுறை பிந்தையது. நார்னியா முதல் நூலின் மேலுறையில் மற்ற ஆறு நூல்களின் பெயரும் இருந்தால் 1950-ல் அது அச்சாகியிருக்கவே முடியாது.

நல்ல முதல் அச்சுக்கு ஐந்தாம் அச்சின் மேலுறையைப் போட்டு விற்பதும் நடக்கிறது. இன்னொரு ஆபத்து, ஸ்கேன் செய்து அச்சிட்ட நகல் மேலுறை. நகல் என்று சொல்லி விற்றால் தவறில்லை. சொல்லாமல் விற்பதுதான் சிக்கல். பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பழைய அச்சில் எழுத்துகளின் விளிம்பு திடமாக இருக்கும். இன்க்ஜெட் நகலில் எழுத்தே வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். இருட்டறையில் புறஊதா டார்ச் அடித்துப் பார்ப்பதும் உதவும். தாளை வெளுப்பாகக் காட்டும் ஒளிரும் ரசாயனங்கள் 1950 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தன. 1937 மேலுறை நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள்.

முதல் அச்சு போலவே இருப்பவை

அமெரிக்க நூல்களில் அதிகம் ஏமாற்றுவது புக் கிளப் பிரதிகள், அதாவது வாசகர் கிளப் உறுப்பினர்களுக்காகத் தனியாக அச்சிட்டவை. மூலப் பதிப்பின் தோற்றம் அப்படியே இருக்கும். சில சமயம் காப்புரிமைப் பக்கத்தில் 'முதல் பதிப்பு' என்ற வரிகூடத் தப்பி வந்துவிடும். மேலுறை மடிப்பில் விலை இல்லையா? புத்தகம் கொஞ்சம் சின்னதாக, இலேசாக இருக்கிறதா? பின் அட்டையின் கீழ் மூலையில், முதுகுக்கு அருகே, விரலால் தடவினால் ஒரு சின்ன பள்ளம் தட்டுப்படுகிறதா? அது கிளப்பின் முத்திரை. டபிள்டே நடத்திய சயின்ஸ் ஃபிக்ஷன் புக் கிளப் பிரதிகளில், கடைசிப் பக்கங்களில் ஒன்றின் உள்விளிம்பில் ஓர் எழுத்தும் எண்ணும் சேர்ந்த சிறு குறியீடு இருக்கும். அச்சிட்ட காலத்தை அது காட்டும். டபிள்டே தன் சொந்த முதல் பதிப்புகளிலும் அதைப் போட்டது என்பதால் விலையையும் தாளையும் சேர்த்தே பாருங்கள்.

கிளப் பிரதிகளைக் கேவலமாகப் பார்க்கத் தேவையில்லை. 1940-களில் பிரிட்டனின் சில்ட்ரன்ஸ் புக் கிளப் வெளியிட்ட 'தி ஹாபிட்' இன்று தனக்கென்று ஒரு மதிப்போடு தேடப்படுகிறது. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் சரி.

கிராசெட் அண்ட் டன்லப், ஏ. எல். பர்ட் போன்ற மலிவு மறுபதிப்பு நிறுவனங்கள் மூலப் பதிப்பின் அச்சுத் தகடுகளையே வாங்கிப் பயன்படுத்தின. எட்கர் ரைஸ் பரோஸின் செவ்வாய் நாவல்களில் இதை நிறையப் பார்க்கலாம். உள்ளே பழைய காப்புரிமைப் பக்கம் அப்படியே இருக்கும். தலைப்புப் பக்கத்திலும் முதுகிலும்தான் நிறுவனத்தின் பெயர் மாறியிருக்கும். பதிப்பகமே பின்னாளில் வெளியிடும் நகல் பதிப்புகளும் உண்டு. 'தி ஹாபிட்' முதல் பதிப்பின் நகல் 2016-ல் வந்தது. புதுத்தாளின் வெண்மையும் வாசனையும் போதும், அதைக் கண்டுபிடிக்க.

பேப்பர்பேக் பக்கம் போகிறவர்களுக்கு 1965 ஒரு சுவையான ஆண்டு. அமெரிக்கக் காப்புரிமையில் இருந்த ஓட்டையை வைத்து ஏஸ் புக்ஸ் 'ரிங்ஸ்' மூன்று பாகங்களையும் டோல்கீனின் அனுமதி இல்லாமல் 75 சென்ட்டுக்கு வெளியிட்டது. அட்டை எண்கள் ஏ-4, ஏ-5, ஏ-6. அதே ஆண்டு பாலன்டைன் அனுமதி பெற்ற பதிப்பை 95 சென்ட்டுக்குக் கொண்டுவந்தது. பின் அட்டையில், இதைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள் என்ற பொருளில் டோல்கீனின் குறிப்பு இருக்கும். கடைசியில் ஏஸ் அவருக்குப் பணம் கொடுத்து, மறு அச்சு போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டது. அதே 1965-ல் பாலன்டைன் போட்ட 'தி ஹாபிட்' அட்டையில் பார்பரா ரெமிங்டன் ஒரு சிங்கத்தை வரைந்திருந்தார். கதைக்கும் சிங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று டோல்கீன் கேட்டார். பிந்தைய அச்சுகளில் சிங்கம் காணாமல் போனது. சிங்கம் உள்ள பிரதி கிடைத்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிலைமையை மதிப்பிடுதல்

ஃபைன், நியர் ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர் என்று தரம் சொல்வார்கள். இரண்டு சொற்களைச் சாய்கோட்டால் பிரித்திருந்தால் முன்னது புத்தகத்துக்கு, பின்னது மேலுறைக்கு. 'குட்' என்பது இந்தத் தொழிலில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமல்ல. எல்லாப் பக்கங்களும் இருக்கின்றன, நன்றாகத் தேய்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். நூலகத்திலிருந்து வந்த பிரதி என்றால் முத்திரைகளும் ஒட்டிய தாள்களும் இருக்கும், விலை வெகுவாகக் குறையும்.

பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணுங்கள். படத்தாள்கள் தனியாக ஒட்டப்பட்டவை என்பதால் அவைதான் முதலில் காணாமல் போகும். முதுகு வெயிலில் வெளுத்திருக்கிறதா, அட்டை மூட்டு தளர்ந்திருக்கிறதா, பழுப்புப் புள்ளிகள் உண்டா, முதுகுத்துணியை மாற்றிக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். குழந்தைகள் நூல்களில் கிரேயான் கிறுக்கல் இருக்கத்தான் செய்யும். பழைய உரிமையாளர் தேதியோடு எழுதிய பெயரை நான் குறையாகவே நினைப்பதில்லை. 1937 கிறிஸ்துமஸுக்கு என்று எழுதியிருந்தால், அந்தப் பிரதி அதற்கு முன் அச்சானது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

வாங்கும்போது

நேரில் பார்க்க முடியாவிட்டால் படங்கள் கேளுங்கள்: தலைப்புப் பக்கம், காப்புரிமைப் பக்கம், மேலுறையின் இரு மடிப்புகள், முதுகு, பின் அட்டையின் கீழ்ப்பகுதி, அந்த நூலுக்குரிய பாயின்ட் உள்ள பக்கம். கேட்டதை அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். அரிய நூல் வியாபாரிகளுக்கு 1947-ல் தொடங்கிய சர்வதேசக் கூட்டமைப்பு இருக்கிறது. அதன் உறுப்பினர்களிடம் விலை கூடுதலாக இருந்தாலும், சொன்னது தவறென்றால் திருப்பிக் கொடுக்கலாம். பெரிய தொகை கொடுக்கும்போது இது முக்கியம். ஏலத்தில் கேட்கும் விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷனும் சேரும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுக் கை தூக்குங்கள்.

நூல் விவரப் பட்டியல்களில் கொஞ்சம் காசு போடுங்கள். வேய்ன் ஹேமண்ட், டக்ளஸ் ஆண்டர்சன் உதவியோடு தயாரித்து 1993-ல் வெளியான டோல்கீன் நூல்விவரத் தொகுப்பும், பல ஃபேண்டஸி எழுத்தாளர்களின் முதல் அச்சுகளை விவரிக்கும் எல். டபிள்யூ. கரியின் 1979 தொகுப்பும் வியாபாரிகளே மேற்கோள் காட்டுபவை. வாங்கக் கட்டுப்படியாகாவிட்டால் பெரிய நூலகத்தில் போய்ப் பார்க்கலாம். கையெழுத்திட்ட பிரதிகளை ஆரம்பத்தில் தொடாதீர்கள். டோல்கீன் பெயரில் போலிகள் உலவுகின்றன. யாரிடமிருந்து யாருக்குக் கைமாறி வந்தது என்ற நல்ல ஆதாரத்தொடர் இல்லாத கையெழுத்துக்கு நான் ஒரு காசுகூடக் கூடுதலாகக் கொடுக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு

மேலுறைக்கு பாலியஸ்டர் படலத்தால் ஆன உறை போடுங்கள். பிவிசி வேண்டாம், நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே கூடாது. அதன் பசை தாளுக்குள் இறங்கி மஞ்சளாகி, பிறகு எடுக்கவே முடியாது. வெயில் படாத அலமாரியில், நிமிர்ந்த நிலையில், இறுக்கித் திணிக்காமல் வையுங்கள். ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஏறினால் பூஞ்சை வரும், ராமபாணப் பூச்சியும் வரும். புத்தகத்தை எடுக்கும்போது முதுகின் மேல்நுனியில் விரலை மாட்டி இழுக்காமல், பக்கத்துப் புத்தகங்களை உள்ளே தள்ளி நடுவில் பிடித்து எடுங்கள்.

ஒவ்வொரு நூலுக்கும் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்: பதிப்பகம், அச்சு, நீங்கள் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பாயின்ட்கள், மேலுறை விலை, எங்கே யாரிடம் எவ்வளவுக்கு வாங்கியது, உறுதிசெய்ய முடியாமல் போனது எது என்பது உட்பட. வியாபாரி கொடுத்த விவரச் சீட்டையும் ரசீதையும் அதோடு சேருங்கள். இவற்றைப் புத்தகத்துக்குள் செருகாதீர்கள். சாதாரணத் தாளில் இருக்கும் அமிலம் எதிர்ப்பக்கத்தில் பழுப்புக் கறையாகப் பதியும். தனி ஃபைல் போடுங்கள், குறிப்பைப் பென்சிலால் எழுதுங்கள்.